விரல் பெயர்தான், திறப்பு இல்லை

எங்கட ஊர்ப்பக்கம் ஒருவரை "அவர் கைநாட்டு" என்று சொன்னால் அது மரியாதையான சொல் இல்லை. பேர் எழுதத் தெரியாதவர், கடதாசியில் என்ன கிடக்குது என்று வாசிக்கத் தெரியாதவர், மற்றவன் காட்டின இடத்தில் பெருவிரலை மையில் தோய்த்து அமத்துகிறவர் என்று அர்த்தம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா அப்படித்தான் இருந்தவ. ஐம்பது வயது தாண்டின பிறகு, பேத்தியின் கொப்பியில் தன்ர பேரை எழுதிப் பழகினவ. "ஏன் அம்மம்மா இந்த வயசில?" என்று கேட்டதற்கு அவ சொன்ன பதில் எங்களுக்கு இண்டைக்கும் பாடம்: "விரலை ஆரும் பிடிச்சு அமத்தலாம் பிள்ளை. பேரை நான்தானே எழுதோணும்."

இந்தக் கட்டுரை ஒரு கொம்பியூட்டரைப் பற்றியது. லினக்ஸ் போட்ட டெஸ்க்டொப் ஒன்றில் கைரேகை வைத்து உள்ளே போகிற வசதியைச் செய்யப் போய், நாங்கள் பட்ட பாட்டையும் செய்த பிழையையும் பற்றியது. ஆனால் சண்டை இரண்டு கூட்டத்தாரோடு. "போனில விரல் வைச்சா ஒரு செக்கனில திறக்குது, உங்கட லினக்ஸுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரைச்சல்?" என்று சிரிக்கிறவர்கள் ஒரு பக்கம். "இதில ஒரு கரைச்சலும் இல்லை மச்சான், அந்தப் பாஸ்வேர்டை வெறுமையாக்கிவிடு, முடிஞ்சுது" என்று தட்டிக் கொடுக்கிறவர்கள் மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் பிழை. இரண்டு பக்கத்திலும் நாங்கள் கொஞ்சக்காலம் நின்றிருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம்.

எங்கட பெட்டியும் அதுக்குள்ளே கிடப்பதும்

ஆறு பேர் காசு சேர்த்து வாங்கின, ஆரோ பாவித்த பழைய டெஸ்க்டொப். கம்பஸுக்குக் கிட்டவாக இருக்கிற போடிங் அறையில், நாலு சீமெந்துக் கல்லுக்கு மேலே பலகை போட்டு வைத்திருக்கிறோம். வின்டோஸுக்குக் காசு கட்ட வழியில்லை, களவாய்ப் போட மனமில்லை, ஆனபடியால் உபுண்டு. நாங்கள் கலைப்பீடம். விஞ்ஞானபீடப் பெடியள் எங்கட அறைக்கு வந்தால் அந்தப் பெட்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் இருப்பார்கள்.

அந்தப் பெட்டிக்குள்ளே 41 ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. நுண்கடன் எடுத்து மாட்டுப்பட்ட பெண்களோடு எங்களில் மூன்று பேர் ஆய்வுக்கட்டுரைக்காகக் கதைத்துப் பதிந்தவை. கடன் அறவிட வந்தவர் முற்றத்தில் நின்று என்ன சொன்னவர், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எந்தச் சங்கிலியை ஈடு வைத்தது, ஒரே குழுவில் கையெழுத்து வைத்த பாவத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் தவணையையும் எப்படிக் கட்ட வேண்டி வந்தது என்று எல்லாவற்றையும் பேர் சொல்லிச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் எங்கட குரல் இருக்கிறது: "அக்கா, இதை எங்களைத் தவிர வேற ஆரும் கேக்கமாட்டினம்."

அந்தப் பதிவுகளைப் பெட்டிக்குள் இருந்த இரண்டாவது ஹாட்டிஸ்கில் மறைகுறியாக்கி வைத்திருந்தோம். அதாவது, கடவுச்சொற்றொடர் தெரியாமல் அந்த டிஸ்கைக் கழற்றி வேறொரு கொம்பியூட்டரில் கொழுவினால் தெரிவது வெறும் குப்பைதான். இதைச் சரியாகத்தான் செய்திருந்தோம். ஆறு பேருக்கும் பொதுவாக ஒரே ஒரு கணக்கு, அதற்கு 19 எழுத்தில் ஒரு பாஸ்வேர்ட். ஒரு நாளைக்கு இருபது முப்பது தரம் அதை அடித்து அடித்து அலுத்துப்போய்த்தான் ஒருவர் கேட்டார்: "ஏன் நாங்கள் விரல் வைக்கிறமாதிரிச் செய்யக்கூடாது?"

குறை சொல்லவேண்டிய விலாசம்

லப்டொப் என்றால் விரல் வைக்கிற இடம் சிலவேளை கூடவே வரும். டெஸ்க்டொப்புக்கு யூஎஸ்பியில் கொழுவுகிற சின்ன ரீடர் வாங்கவேண்டும். நாங்கள் முதலில் வாங்கினதின் பெட்டியில் வின்டோஸுக்கு என்று பெரிதாக எழுதியிருந்தது. "அதுக்கென்ன, யூஎஸ்பிதானே" என்று கொழுவினோம். யூஎஸ்பியில் என்னென்ன கொழுவியிருக்கிறது என்று காட்டுகிற கட்டளையைக் கொடுத்தால் அது பட்டியலில் வந்தது. தயாரிப்பாளருக்கு நாலெழுத்து, பொருளுக்கு நாலெழுத்து என்று அதன் அடையாள இலக்கமும் வந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் போனால் கைரேகை என்ற பகுதியே இல்லை.

இந்த இடத்தில்தான் பலபேர் "லினக்ஸ் சரிவராது" என்று எழும்பிப் போகிறார்கள். கொஞ்சம் ஆறுதலாகப் பார்த்தால் விசயம் விளங்கும். லினக்ஸில் விரல் ரீடர்களோடு கதைக்கிற வேலையை லிப்எஃப்பிரின்ட் என்ற நிரல்தொகுதி செய்கிறது. அது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்வித் திட்டமாகத் தொடங்கியது. எங்களைப்போல ஒரு கம்பஸுக்குள்ளிருந்து வந்த வேலை. ஒவ்வொரு ரீடரும் ஒவ்வொரு பாசை பேசும். அத்தனை பாசையையும் படித்து, மேலே இருக்கிற நிரல்களுக்கு ஒரே பாசையில் சொல்வதுதான் அதன் நோக்கம். சில தயாரிப்பாளர்கள் தாங்களே முன்வந்து ட்ரைவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு பலர் தங்கட ரீடர் என்ன பாசை பேசுகிறது என்பதையே வெளியில் சொல்வதில்லை. அப்படியானவற்றுக்கு, ரீடருக்கும் கொம்பியூட்டருக்கும் இடையில் போய்வருகிறதை ஒட்டுக்கேட்டு, ஊகித்து, ஓய்வு நேரத்தில் ஆரோ ஒருவர் எழுதினால்தான் உண்டு.

ஆகவே, காசு கொடுத்து வாங்கின பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை விற்றவன் மறைக்கிறான். இலவசமாக எழுதிக் கொடுத்தவனை நாங்கள் ஏசுகிறோம். குறை சொல்லுங்கோ, ஆனால் சரியான விலாசத்துக்குச் சொல்லுங்கோ. லிப்எஃப்பிரின்ட் எந்தெந்த இலக்கங்களை அறியும் என்ற பட்டியல் எல்லாரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. நாங்கள் செய்த முதல் முட்டாள்தனம், அதைப் பார்க்காமல் கடைக்குப் போனதுதான். இரண்டாவது தரம் பட்டியலைப் பார்த்து, இலக்கத்தை எழுதிக்கொண்டு போய் வாங்கினோம்.

அதற்குப் பிறகு வேலை சுகம். எஃப்பிரின்ட்-டி என்ற சேவையையும், அதை பாம் என்பதோடு இணைக்கிற தொகுதியையும் நிறுவவேண்டும். பாம் என்பது லினக்ஸின் வாசல் விதி. உள்ளே வருகிறவரை எந்த முறையில் சோதிக்கலாம் என்று எழுதிவைத்திருக்கிற இடம். அதில் கைரேகைக்கு நேரே ஒரு அடையாளம் போட்டால், உள்நுழைவுத் திரையும் நிர்வாகக் கட்டளைகளும் விரலை ஏற்கத் தொடங்கும். பிறகு அமைப்புகளில் பயனர் பக்கத்துக்குப் போய் விரலைப் பல தரம் வைத்து எடுத்துப் பதியவேண்டும்.

ஒரு கணக்கில் பத்து விரல் பதியலாம். வலது சுட்டுவிரல், இடது பெருவிரல் என்று ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கிறது. நாங்கள் ஆறு பேர், கணக்கு ஒன்று. ஆகவே ஒருவர் வலது சுட்டுவிரலாகவும் மற்றவர் இடது மோதிர விரலாகவும் பதிந்தோம். ஆறு பேரின் விரல்களைக் கொண்ட ஒரு மனிசர் எங்கட பெட்டிக்குள் பிறந்தார். இயந்திரம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு வேண்டியது, முன்பு கண்ட ரேகையைப் போன்ற ஒன்று. அவ்வளவுதான். அண்டைக்கு இதைச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குள்ளேயே கேள்வி இருந்தது; எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

அந்தப் பெட்டிச் செய்தி சொன்ன உண்மை

மறுநாள் காலமை பெட்டியைப் போட்டு, விரலை வைத்தோம். ஒரு செக்கனில் திரை திறந்தது. கைதட்டினோம். அடுத்த நிமிசம் நடுத்திரையில் ஒரு செய்தி: உள்நுழையும்போது திறப்புக்கோர்வை திறபடவில்லை, கடவுச்சொல்லைத் தா என்று. விரல் வைத்து வந்த பிறகும் 19 எழுத்து அடிக்கவேண்டும் என்றால் விரல் எதற்கு? இணையத்தில் தேடினால் எங்களைப்போல எரிச்சல்பட்ட ஆயிரம் பேர்.

எரிச்சலை விட்டுவிட்டு, அது ஏன் கேட்கிறது என்று பார்ப்போம். திறப்புக்கோர்வை என்பது உங்கட மற்றப் பாஸ்வேர்டுகளை, வைஃபை, கிளவுட் கணக்கு போன்றவற்றுக்கானதை, பூட்டிவைக்கிற இடம். அது மறைகுறியாக்கப்பட்டது. மறைகுறியை நீக்கத் திறப்பு வேண்டும். அந்தத் திறப்பு எங்கேயும் ஒளித்துவைக்கப்பட்டிருக்கவில்லை. நீங்கள் அடிக்கிற கடவுச்சொல்லிலிருந்துதான் ஒவ்வொரு தரமும் அது கணித்து எடுக்கப்படுகிறது. கடவுச்சொல் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதால் அதிலிருந்து பிறக்கிற திறப்பும் எப்பவும் ஒன்றுதான். ஒரு எழுத்துப் பிழைத்தால் திறப்பு முழுதாக மாறிவிடும்.

விரல் அப்படி இல்லை. ஒரே விரலை இரண்டு தரம் வைத்தால் இரண்டு தரமும் ஒரே படம் வராது. சாய்வு, அழுத்தம், ஈரம், தூசி எல்லாம் மாறும். அதனால் இயந்திரம் "இது அதுதானோ?" என்று பார்ப்பதில்லை. "இது அதைப்போலப் போதுமான அளவு இருக்குதோ?" என்றுதான் பார்க்கிறது. பதில் ஓம் அல்லது இல்லை. அந்த ஓமுக்குள் திறப்பு எதுவும் இல்லை.

வீட்டு உதாரணம் சொன்னால், வாசலில் நிற்கிற வோச்சர் உங்கட முகத்தைக் கண்டு படலையைத் திறந்துவிடுகிறார். நல்லது. ஆனால் உள்ளே இருக்கிற இரும்பு அலுமாரியின் திறப்பு அவரிடம் இல்லை, இருக்கவும் கூடாது. அலுமாரி உங்களிடம் திறப்பைக் கேட்டால், "வோச்சர் என்னைத் தெரியும் எண்டு சொன்னவரே" என்று கோபிக்கிறது என்ன நியாயம்?

"அப்ப போனில மட்டும் எப்பிடி?" என்று கேட்பீர்கள். உங்கட போனை ஒருக்கால் நிறுத்திப் போட்டுப் பாருங்கோ. முதல் தரம் அது விரலை ஏற்காது; பின் இலக்கத்தையோ பாஸ்வேர்டையோ கேட்கும். ஒருக்கால் அதைக் கொடுத்த பிறகுதான் விரல். லினக்ஸ் வெளிப்படையாகக் கேட்கிற அதே கேள்வியைப் போனும் கேட்கிறது. நாங்கள் போனை நிறுத்துவது குறைவு என்பதால் கண்ணில் படுவதில்லை.

நாங்கள் செய்த பிழை

தேடினபோது கிடைத்த "தீர்வு" எல்லா இடத்திலும் ஒன்றுதான்: திறப்புக்கோர்வையின் பாஸ்வேர்டை மாற்றப் போய், புதிய பாஸ்வேர்ட் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடு. அப்படிச் செய்தால் உள்ளே உள்ளவை பூட்டின்றிச் சேமிக்கப்படும் என்று கணினி எச்சரிக்கும். ஆரும் வாசிப்பதில்லை. நாங்களும் வாசிக்கவில்லை. எங்களில் ஒருவர் செய்தார். பேர் சொல்லமாட்டோம். ஏனென்றால் மற்ற ஐந்து பேரும் பக்கத்தில் நின்று "அப்பாடா" என்றோம்.

ஒன்பது நாள் சந்தோசமாக இருந்தோம். பத்தாம் நாள் கரண்ட் போய் வந்ததோடு பெட்டி செத்தது. பவர் சப்ளை. கடையில் கொடுத்தோம், இரண்டு இரவு அங்கே இருந்தது. திருத்தினவர் நல்ல மனிசர், சொன்ன காசைத்தான் வாங்கினார். அவரில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இப்பவும் இல்லை.

ஆனால் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வரும்போது ஒருவருக்கு மின்னல் மாதிரி ஒரு விசயம் பட்டது. பதிவுகள் இருக்கிற இரண்டாவது டிஸ்கைத் திறக்கும்போது, "இந்தக் கடவுச்சொற்றொடரை எப்போதும் நினைவில் வைத்திரு" என்ற இடத்தில் முன்பொரு நாள் சரி போட்டிருந்தோம். அதை எங்கே நினைவில் வைக்கும்? திறப்புக்கோர்வையில். அந்தத் திறப்புக்கோர்வைக்கு இப்ப பூட்டு இல்லை. அது இருக்கிற முதலாவது டிஸ்குக்கும் பூட்டு இல்லை. உபுண்டு போடும்போது "முழு டிஸ்கையும் மறைகுறியாக்கவா?" என்று கேட்டது. பழைய பெட்டி மெதுவாகிப்போகும் என்று வேண்டாமென்றிருந்தோம். ஆக, அலுமாரி வடிவாகப் பூட்டியிருந்தது. திறப்பு அலுமாரிக்குப் பக்கத்து மேசையில், எல்லாரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் கிடந்தது. இரண்டு இரவு, வேறொருவரின் கடையில்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆரும் பார்த்திருப்பார்கள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் "ஒருவரும் பார்க்கவில்லை" என்று எங்களால் சத்தியம் பண்ண முடியாது. 41 தரம் சத்தியம் பண்ணினது நாங்கள்தான்.

சொல்லாமல் விடலாமோ என்று ஒரு இரவு முழுக்க வாக்குவாதப்பட்டோம். கடைசியில் போய்ச் சொன்னோம். முதலில் சந்தித்த அக்கா நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். டிஸ்க், திறப்புக்கோர்வை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "பூட்டித்தானே வைச்சனீங்கள்?" எங்களிடம் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஒரு பதில் இருக்கவில்லை. அவர் தேத்தண்ணி போட எழும்பிப் போனார். எழும்பினபடியே, "கடன் தந்தவையும் உப்பிடித்தான் பிள்ளையள், இதில ஒரு கையெழுத்துத்தானே எண்டு சொன்னவை" என்றார். அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

விரலைப் பிடித்து அமத்தினவர்கள்

இப்ப எங்கட வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். விரல் உங்கட பெயரைச் சொல்லும். உங்கட சம்மதத்தைச் சொல்லாது. நீங்கள் நித்திரையாய்க் கிடக்கும்போதும் உங்கட விரல் உங்கட விரல்தான். பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவர் அதை எடுத்து ரீடரில் வைக்கலாம். கடவுச்சொல்லை உங்களிடம் கேட்கவேண்டும். நீங்கள் வாய் திறக்கவேண்டும். அம்மம்மா சொன்ன வித்தியாசம் இதுதான்.

இதொன்றும் புதிய கவலை இல்லை. கைரேகையின் வரலாறே இந்தக் கவலைதான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற பிரித்தானிய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதித்தார். பிறகு கையெழுத்தை மறுக்காமல் இருக்க அந்த மனிசரைப் பயமுறுத்துவதற்காகவே அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பின்னாளில் எழுதினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்துகிற முறைக்கு அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள் பாடுபட்டார்கள்; பேர் எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரிக்குப் போனது.

1906இல் தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில், அங்கிருந்த இந்தியர்கள் எல்லாரும் பத்து விரலையும் பதிந்து சான்றிதழ் எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதை எதிர்த்துச் சிறை போனவர்களில் முன்வரிசையில் நின்றவர் மொரீசியஸில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு. 1908 ஜனவரியில் காந்தியோடு சிறையில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஒரு இணக்கம் வந்தது: சட்டத்தின் கட்டாயம் இல்லாமல், விரும்பிப் பதிகிறோம் என்று. காந்தியே தன்ர விரலைப் பதியப் போனார். போகும் வழியில், இதைத் துரோகம் என்று நினைத்த தன்ர ஆட்களிடமே அடி வாங்கினார். சட்டத்தை நீக்குவதாகச் சொன்ன வாக்குக் காப்பாற்றப்படவில்லை என்றான பிறகு, அந்த வருசம் ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க்கில் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். மையும் விரலும் முன்பும் பின்பும் அதேதான். "மாட்டேன்" என்று சொல்கிற உரிமை ஆரிடம் இருக்கிறது என்பதுதான் சண்டையாக இருந்தது.

ஏன் இவ்வளவு தூரம் போகிறோம் என்றால், எங்கட நாட்டிலும் விரலைக் கேட்கிற காலம் வந்துகொண்டிருக்கிறது. இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் நடக்கிறது. அதில் விரல்ரேகை உள்ளிட்ட உடல் அடையாளங்கள் சேர்க்கப்படவிருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தரவுகளை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. அதாவது, இது சாதாரணத் தகவல் இல்லை என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. நாங்கள்தான் அதை ஒரு செக்கன் மிச்சம் பிடிக்கிற வசதியாகப் பார்க்கிறோம்.

திருட்டுப் போன பாஸ்வேர்டை மாற்றலாம். விரலை மாற்ற ஏலாது. 2015இல் அமெரிக்க அரச ஊழியர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் கைரேகைகள் களவு போயின. அவர்கள் புதிய விரலுக்கு எங்கே போவார்கள்? 2014இல் ஜேர்மனியின் ஹக்கர் கூட்டமைப்பான கேயோஸ் கொம்பியூட்டர் கிளப்பைச் சேர்ந்த ஒருவர், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா வொன் டெர் லையனின் பெருவிரல் ரேகையைப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். கதவுப்பிடியிலும் தேத்தண்ணிக் கிளாசிலும் நாங்கள் எங்கட பாஸ்வேர்டை எழுதிவைத்துவிட்டு வருவதில்லை. ரேகையை ஒவ்வொரு நாளும் விட்டுவிட்டு வருகிறோம்.

"வின்டோஸ் என்றால் பாதுகாப்பு" என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று. 2023 நவம்பரில் பிளாக்விங் என்ற ஆய்வுக் குழு, டெல், லெனோவோ, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் கணினிகளில் வின்டோஸின் கைரேகை உள்நுழைவைத் தாண்டிக் காட்டியது. விரலை ஆரும் களவெடுக்கவில்லை. ரீடருக்கும் கணினிக்கும் இடையிலான பேச்சைத்தான் ஏமாற்றினார்கள். வோச்சரை ஏமாற்ற முகமூடி தேவையில்லை, வோச்சரின் குரலில் கதைத்தாலே போதும்.

எதிர்வாதங்களுக்கு மரியாதை

"1234 எண்டு பாஸ்வேர்ட் வைச்சிருக்கிறவைக்கு விரல் எவ்வளவோ மேல்" என்பார்கள். ஓம், மேல்தான். ஆட்கள் நிறைந்த நூலகத்தில், தோளுக்குப் பின்னால் நிற்கிறவர் பார்க்க 19 எழுத்து அடிப்பதைவிட விரல் வைப்பது பாதுகாப்பு. கை நோவாலும் வேறு இயலாமையாலும் தட்டெழுதக் கஷ்டப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நாங்கள் விரலை வீசி எறியச் சொல்லவில்லை.

"லினக்ஸில் விரல் பதிந்தால் அதுவும் எங்கேயோ போகுமோ?" என்றும் கேட்கிறார்கள். போகாது. பதிவு உங்கட கணினியிலேயே ஒரு கோப்புறையில் இருக்கும், அல்லது ரீடரின் சிப்புக்குள்ளேயே இருக்கும். அரசின் தரவுத்தளத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. உங்கட விரல் உங்கட மேசையை விட்டுப் போகாமல், எந்த நேரமும் அழிக்கக்கூடியதாக இருப்பது நல்ல ஏற்பாடு. அரசிடமும் நாங்கள் கேட்கவேண்டியது இதே தரத்தைத்தான்.

இன்னொன்று. எங்கட ஆறு பேரில் ஒருவர் சனி ஞாயிறுகளில் தகப்பனோடு மேசன் வேலைக்குப் போகிறவர். அவரின் விரலை ரீடர் மூன்றில் இரண்டு தரம் ஏற்காது. சீமெந்து ரேகையைத் தின்றுவிட்டது. "வடிவா வை, துடைச்சுப்போட்டு வை" என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கினதைக் கண்டோம். கொழுந்து எடுக்கிற கையும், வலை இழுக்கிற கையும், வயசுபோன கையும் இப்படித்தான். இந்தியாவின் ரேசன் கடைகளில் விரல் பொருந்தாமல் அரிசி மறுக்கப்பட்டவர்களின் கதைகள் பல வருசமாக வந்துகொண்டிருக்கின்றன. பாஸ்வேர்ட் ஆரின் தொழிலையும் கேட்காது. மாற்று வழி வைக்காமல் விரலை மட்டும் கேட்கிற எந்த வாசலும், உழைக்கிறவனுக்குத்தான் முதலில் மூடும்.

இப்ப என்ன செய்கிறோம்

பெட்டியை அழித்துத் திரும்பப் போட்டோம். இந்த முறை முழு டிஸ்கும் மறைகுறி. பெட்டி மெதுவாகவும் இல்லை. அந்தப் பயம் எங்கட கற்பனை. ஆறு பேருக்கும் ஆறு கணக்கு. பதிவுகள் இருக்கிற டிஸ்கின் சொற்றொடரை எந்தத் திறப்புக்கோர்வைக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, நாங்களே அடிக்கிறோம். சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கிறோம். நீளமாக இருந்தாலும் ஒரு நாளில் பாடமாகிவிட்டது.

விரல் ரீடரை வீசவில்லை. காலமை முதல் தரம் உள்ளே போகும்போது, விரலை வை என்று திரை கேட்டாலும் பாஸ்வேர்டையே அடிக்கிறோம். அதோடு திறப்புக்கோர்வை சத்தமில்லாமல் திறபடும், அந்தச் செய்தியும் வராது. அதற்குப் பிறகு தேத்தண்ணிக்கு எழும்பிப்போய் வந்து திரையைத் திறக்க விரல். மேசன் நண்பர் அதற்கும் பாஸ்வேர்ட்தான் அடிக்கிறார், எங்களைவிடக் கெதியாக. வோச்சருக்கு வோச்சரின் வேலை, திறப்புக்குத் திறப்பின் வேலை.

இதை வாசிக்கிற உங்களில் பலர் ஆய்வுக்காக ஆரோ ஒருவரின் கதையைப் பதிந்து வைத்திருப்பீர்கள். போனில், லப்டொப்பில், பென்டிரைவில். "ஆருக்கும் சொல்லமாட்டம்" என்று வாயால் சொல்லியிருப்பீர்கள். இண்டைக்கு இரவு பத்து நிமிசம் எடுத்து உங்கட திறப்புக்கோர்வை பூட்டியிருக்குதோ வெறுமையோ என்று பாருங்கோ. டிஸ்க் மறைகுறியாக்கப்பட்டதோ என்று பாருங்கோ. நாளைக்கு அந்த அக்கா உங்களிடம் "பூட்டித்தானே வைச்சனீங்கள்?" என்று கேட்டால், ஓம் என்று சொல்லக்கூடியதாக இருக்கோணும்.